மெக்கானிக் சான்றிதழ்: செலவு எவ்வளவு, வரவு எப்போது?

கேள்வி: என் கணவர் சென்னிமலையில் பெட்ஷீட் தறி ஓட்டுகிறார். எங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இந்த ஆண்டு பிளஸ் டூ தேறியிருக்கிறான். பதினெட்டு வயது முடிந்துவிட்டது. வண்டி வேலைதான் கற்பேன் என்று உறுதியாக நிற்கிறான். கோவையில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையம், ஓராண்டு கார் மெக்கானிக் சான்றிதழுக்கு 1,20,000 ரூபாய் கேட்கிறது. விடுதிக்கு மாதம் 6,500 ரூபாய் தனி. முடித்தவுடன் சென்னையில் 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை என்கிறார்கள். நகையை அடகு வைத்தால் சேர்த்துவிடலாம். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனோ, "காயிதத்தை வெச்சு நட்டுக் கழட்ட முடியுமா? ஜி.டி. நாயுடு எந்தக் காலேஜுக்குப் போனாரு? பையனை அனுப்பு, தினம் முந்நூறு தர்றேன், சோறும் போடறேன்" என்கிறார். அரசு ஐ.டி.ஐ.யிலும் சேரலாம் என்று பள்ளி ஆசிரியர் சொன்னார். எந்த வழியில் போனால் போட்ட பணம் திரும்பி வரும்?
– ஒரு தாய், சென்னிமலை

பதில்: படிப்புச் செலவு என்றால் நாம் கட்டணத்தையும் விடுதியையும் மட்டுமே கூட்டிப் பார்க்கிறோம். படிக்கும் காலத்தில் சம்பாதிக்காமல் விட்ட கூலியும் செலவுதான். உங்கள் வீட்டில் அந்தக் கூலி எவ்வளவு என்பதை உங்கள் அண்ணனே சொல்லிவிட்டார். நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம், மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 7,800 ரூபாய். மூன்று வழிகளையும் ஒப்பிட இந்தத் தொகையையே அளவாகக் கொள்கிறேன்.

தனியார் நிலையத்தை முதலில் பார்ப்போம். கட்டணம் 1,20,000 ரூபாய், பன்னிரண்டு மாத விடுதிச் செலவு 78,000 ரூபாய், சீருடை, கருவிகள், ஊருக்குப் போய்வரும் செலவு என்று 12,000 ரூபாய் வைத்தால், கையிலிருந்து போவது 2,10,000 ரூபாய். நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொண்டாலும் முதலாண்டிலேயே 21,000 ரூபாய் வட்டி. அந்த ஓராண்டில் மாமாவின் பட்டறையில் கிடைத்திருக்கக்கூடிய 93,600 ரூபாயையும் சேர்த்தால், இந்தச் சான்றிதழின் உண்மையான விலை 3,24,600 ரூபாய்.

இனி வரவு. சென்னையில் 18,000 ரூபாய் என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகையாக இருந்தால், 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி வருங்கால வைப்புநிதிக்கு 1,800 ரூபாயும், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடாக 135 ரூபாயும் கழியும். அறை வாடகைப் பங்கு, சாப்பாடு, பேருந்து ஆகியவற்றுக்குச் சிக்கனமாக 8,500 ரூபாய் ஒதுக்கினால் மிஞ்சுவது ஏறக்குறைய 7,500 ரூபாய். வைப்புநிதி வீண்போவதில்லை, முதலாளியின் பங்கோடு அவன் கணக்கில் சேரும் சேமிப்பு அது. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பக்கூடிய பணம் என்ற அளவில், சாப்பாட்டோடு மாமா இன்றே தரும் 7,800 ரூபாயைக்கூட அது எட்டவில்லை. மூன்றேகால் லட்சத்தை மீட்பதற்கு முதலாண்டுச் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாயும் வராது. சம்பளம் பிற்பாடு உயரும் என்பது உண்மையே. ஆனால் அந்த உயர்வைத் தரப்போவது அவன் கைத்திறனும், வேறிடத்தில் மதிக்கப்படும் ஒரு சான்றும்தான். ஆகவே அந்த நிலையம் தரும் சான்று எத்தகையது என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

தனியார் நிலையங்கள் எல்லாவற்றையும் நான் குறை சொல்லவில்லை. அகில இந்தியத் தொழிற்தேர்வை எழுதித் தேறியவர்களுக்கு வழங்கப்படும் தேசியத் தொழிற்சான்றிதழ் ஒன்று. நிலையம் தன் பெயரில் அச்சிட்டுக் கொடுக்கும் சான்றிதழ் வேறொன்று. முன்னதற்கு நாடு முழுவதும் ஒரே மதிப்பு உண்டு. பின்னதற்கு, அந்த நிலையத்தின் பெயரை அறிந்தவர்களிடம் மட்டுமே மதிப்பு. அரசின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற ஐ.டி.ஐ.க்களின் பட்டியல் இருக்கிறது; அதில் அந்த நிலையத்தின் பெயரும் பயிற்சிப் பிரிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேலை உறுதி என்று சொன்னால், அது நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா, பயிற்சிக்கால வேலையா, சொல்லும் தொகை பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். போன ஆண்டு முடித்துச் சென்ற மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடமாவது நேரில் பேசாமல் நகையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டாம்.

அரசு ஐ.டி.ஐ.யின் கணக்கு முற்றிலும் வேறு. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டு. டீசல் மெக்கானிக் பிரிவும், இருசக்கர மூன்று சக்கர வாகன மெக்கானிக் பிரிவும் ஓராண்டு. பயிற்சிக் கட்டணம் இல்லை. சேரும்போது செலுத்துவது சில நூறு ரூபாய்தான். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், இலவசப் பேருந்துப் பயணச் சலுகையும், பாடநூல், சீருடை, மிதிவண்டி போன்றவையும் கிடைக்கும். உங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாயும் பெறலாம். இரண்டும் சேர்த்து மாதம் 1,750. இரண்டாண்டில் 42,000 ரூபாய். கைச்செலவுக்கு மாதம் ஆயிரம் என்று 24,000 ரூபாய் ஒதுக்கினாலும் வீட்டிலிருந்து பணம் போகாது. கூலி இழப்பு 1,87,200 ரூபாய் என்பது மட்டுமே உண்மையான செலவு. வரவையும் கைச்செலவையும் சரிக்கட்டினால் மொத்தம் 1,69,200 ரூபாய். ஓராண்டு அதிகம் படித்தும் தனியார் வழியின் செலவில் ஏறக்குறையப் பாதிதான் இது. நகையும் வீட்டிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் அவன் மாமாவின் பட்டறைக்குப் போனால் இந்த இழப்பும் குறையும்.

தேறிய பிறகு ஓராண்டு தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) சேர்வதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அது மாமா தருவதைவிடக் குறைவுதான். ஆனால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையிலோ, ஒரு வாகன நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலோ ஓராண்டு நின்றவனுக்குத் தேசியப் பழகுநர் சான்றிதழ் என்ற இரண்டாவது சான்று கிடைக்கும். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கு ஏற்கப்படும் ஐ.டி.ஐ. பிரிவுகளில் மோட்டார் வாகன மெக்கானிக்கும் டீசல் மெக்கானிக்கும் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வுக்குப் போட்டி கடுமை. அதை நம்பி மட்டும் இந்தப் படிப்பை எடுக்கச் சொல்லமாட்டேன். எனினும், நிலையம் தன் பெயரில் தரும் சான்று திறக்காத கதவு அது.

இப்போது உங்கள் அண்ணனின் வாதத்துக்கு வருகிறேன். அதைத் தள்ளிவிட முடியாது. ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியே இயந்திரம் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கியவர். பட்டறைதான் பள்ளிக்கூடம் என்று நம் பக்கத்தில் சொல்பவர்கள் எல்லோரும் அவரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். ஆனால் அதே நாயுடுதான் 1945-இல் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்க முன்னின்றார். அவர் குறை கண்டது வகுப்பறையில் அன்று. படிப்புக் காலம் தேவைக்கு மேல் நீள்வதில். கைவேலை பழகாமல் ஆண்டுகளைக் கழிப்பது வீண் என்பதில் நானும் அவர் பக்கம்தான்.

கிளட்ச் பிளேட் மாற்றுவது, கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவது, பட்டா செட் எனப்படும் இரும்பு இலை ஸ்பிரிங்கைக் கழற்றி உடைந்த இலையை மாற்றுவது, பிரேக் லைனிங் அடிப்பது ஆகியவற்றைச் சங்ககிரிப் பட்டறையில் ஆறே மாதத்தில் கற்கும் அளவுக்கு எந்த வகுப்பிலும் கற்க முடியாது. எட்டாண்டு கடந்த லாரிகளுக்கு ஆண்டுதோறும் எப்.சி. என்னும் தகுதிச்சான்று எடுக்க வேண்டியிருப்பதால், அந்த வேலை மட்டுமே ஒரு பட்டறையை ஓடவைக்கும். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கப்படும் வண்டிகள் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. புதிய டீசல் லாரிகளின் புகைபோக்கியில் யூரியாக் கரைசலைத் தெளித்து, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் அமைப்பு இருக்கிறது. கரித்துகளைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அவற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து சொல்லும் சென்சார்கள் இருக்கின்றன. ஒரு சென்சார் தவறான அளவைச் சொன்னால், வண்டியின் கணினி என்ஜினின் இழுவையைத் தானே குறைத்துவிடும். டிரைவர் "வண்டி இழுக்கலை" என்று சொல்லி நிறுத்துவார். பழைய பழக்கத்தில் பம்ப்பையும் நாசிலையும் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் ஒரு நாளை இழப்பார். வண்டிக்காரர் ஆயிரக்கணக்கில் பணத்தை இழப்பார். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தினால் பிழை எண் தெரியும். ஆனால் அந்த எண் சுட்டுவது சென்சாரின் பழுதா, வயர் அறுந்ததா, கனெக்டரில் தண்ணீர் புகுந்ததா என்பதை வயரிங் வரைபடத்தைப் பார்த்து, மல்டிமீட்டர் வைத்து முடிவுசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அடிப்படை மின்னியலையும் வரைபடம் படிப்பதையும் ஒழுங்காக உட்கார்ந்து கற்க ஐ.டி.ஐ. இடம் தருகிறது.

உத்தரவாதக் காலம் முடியும் வரை அந்த வண்டிகள் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கே போகும். அது முடிந்ததும் வெளிப் பட்டறையைத் தேடி வரும். முதலில் வந்த பி.எஸ்.6 லாரிகள் இப்போது நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளின் வாசலுக்கு வந்துகொண்டிருக்கின்றன. பட்டா கழற்றத் தெரிந்த கையும் ஸ்கேனர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், அவன் கூலியை அவனே சொல்லலாம். கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் இடத்தில் வயரிங் வேலை, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலை, கோவையில் கார் ஷோரூம்களின் சர்வீஸ் நிலையங்கள் என்று அவனுக்கு வேலை இருக்கும் ஊர்கள் எல்லாம் சென்னிமலையிலிருந்து பேருந்தில் போய்ச் சேரக்கூடியவை. சென்னையில் அறை எடுத்து 18,000 வாங்குவதைவிட, வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு 15,000 வாங்குவது உங்கள் குடும்பத்துக்கு நல்ல வரவு.

எனவே என் கருத்து இது. இந்த ஆண்டு ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு விண்ணப்பியுங்கள், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவை முதல் விருப்பமாகவும் டீசல் மெக்கானிக்கை அடுத்ததாகவும் குறிப்பிடுங்கள். இடங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஒதுக்கப்படும். அரசு நிலையத்தில் இடம் கிடைக்காவிட்டால், அங்கீகாரம் பெற்ற தனியார் ஐ.டி.ஐ.க்களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. சேரும்முன் மகனை அழைத்துக்கொண்டு பணிமனையை நேரில் பாருங்கள். 2022-இல் அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தரம் உயர்த்தத் தொடங்கியது. இருந்தாலும் நீங்கள் சேரப்போகும் இடத்தில் பி.எஸ்.6 என்ஜினும் ஸ்கேனரும் பயிற்சி பெறுபவர் கை படும்படி இருக்கின்றனவா என்பதை உங்கள் கண்ணால் பார்ப்பதே நல்லது. முடிவு வரும்வரை மகனை அண்ணன் பட்டறைக்கு அனுப்புங்கள். பிறகும் விடுமுறைகளில் அவன் அங்கேதான் இருக்க வேண்டும். அண்ணன் மனம் கோணாமல் இருக்கவும் அது உதவும்.

கேள்வி: எனக்கு 34 வயது. பத்தாம் வகுப்பு தேறியவன். பன்னிரண்டு ஆண்டுகளாக ரிக் வண்டியோடு வெளிமாநிலங்களுக்குப் போய், லாரி என்ஜின், கம்ப்ரசர் இரண்டையும் பார்க்கிறேன். சாப்பாடு போக மாதம் 28,000 ரூபாய் கிடைக்கிறது. வளைகுடா நாட்டில் இரட்டிப்புச் சம்பளம் என்று ஒரு முகவர் அழைக்கிறார், சான்றிதழ் வேண்டுமாம். பத்து நாள் பயிற்சியில் சான்றிதழ் தருகிறேன் என்று ஒரு நிலையம் 25,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: கட்ட வேண்டாம். பத்து நாளில் உங்களுக்கு அவர்கள் கற்றுத்தரப்போவது ஒன்றுமில்லை; நீங்கள்தான் அவர்களுக்குக் கற்றுத்தருவீர்கள். உங்களுக்குத் தேவை, தெரிந்த தொழிலைத் தெரியும் என்று முறையாக ஒப்புக்கொள்ளும் ஒரு சான்று. அதற்காக இரண்டாண்டு ஐ.டி.ஐ.யில் உட்கார்ந்தால் 6,72,000 ரூபாய்ச் சம்பளத்தை இழப்பீர்கள். அது உங்கள் வயதில் தேவையில்லாதது.

முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று வழங்கும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. வாகனத் துறைக்கென்று உள்ள திறன் குழுமம் தேர்வு வைத்துச் சான்று தரும். அரசுத் திட்டத்தின்கீழ் நடக்கும்போது தேர்வு எழுதுபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதைவிட வலுவானது, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. 21 வயது நிரம்பி, அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு. அறிவிப்பு வரும்போது தவறவிடாமல் இருக்க, நாமக்கல் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். எழுத்துத் தேர்வில் கணக்கும் வரைபடமும் வரும். செய்முறையில் தேறுவதற்கு உங்களுக்குத் தடையிருக்காது, எழுத்துக்கு இரண்டு மூன்று மாதம் மாலையில் படிக்க வேண்டியிருக்கும். வண்டி முதலாளியிடம் பன்னிரண்டு ஆண்டுக்கும் அனுபவக் கடிதம் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு நேர்காணல் நடத்துபவர்கள் செய்முறைத் தேர்வையும் அனுபவக் கடிதத்தையும் பெரிதும் பார்ப்பார்கள்.

முகவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. அங்கும் பதிவு செய்யுங்கள். இரட்டிப்புச் சம்பளம் என்னும்போது, சாப்பாடும் தங்குமிடமும் அதில் அடங்குமா, ஊர் வந்துபோகும் விமானச் செலவு யாருடையது என்பதைக் கேட்டுக் கழித்த பிறகு, இப்போதைய 28,000 ரூபாயோடும் ரிக் முதலாளி தரும் சாப்பாட்டோடும் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் ஊரிலேயே இருப்பதாக முடிவெடுத்தால், அந்த 25,000 ரூபாயைச் சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்குவதற்கு முதல் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் நிற்கும் ரிக் வண்டிக்கு ஒரு நாள் ஓட்டம் நின்றால் முதலாளிக்கு எவ்வளவு நட்டம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்; அதைக் காட்டிச் சம்பளத்தை உயர்த்திக் கேட்கலாம்.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறாள். இருசக்கர வாகன மெக்கானிக் பிரிவில் ஓராண்டு படித்துவிட்டுத் திருப்பூரில் சொந்தக் கடை போட வேண்டும் என்கிறாள். பெண்பிள்ளைக்கு இது வருமானம் தருமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தரும். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் ஸ்கூட்டரில் போகிறார்கள் என்பதைத் திருப்பூர்ச் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தாலே உங்கள் மகளுக்கு வாடிக்கையாளர்கள் யார் என்பது தெரியும். அரசு ஐ.டி.ஐ.யில் 750 ரூபாய் உதவித்தொகையோடு, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் அவளுக்குக் கிடைக்கும்.

ஆனால் ஓராண்டுப் பிரிவா, இரண்டாண்டுப் பிரிவா என்பதை யோசியுங்கள். பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொழிப்பாடங்களை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையாகவும் ஏற்கிறார்கள். ஓராண்டுப் பிரிவில் இந்த வழிகள் கிடையா. அவளுக்கு இப்போது பதினைந்து பதினாறு வயதுதான் இருக்கும். கடன் வாங்கிக் கடை போட எப்படியும் பதினெட்டு ஆக வேண்டும். ஆகவே ஓராண்டை மிச்சப்படுத்துவதால் வரவு எதுவும் அதிகமாகாது. மோட்டார் வாகன மெக்கானிக் அல்லது மின்சார வாகன மெக்கானிக் ஆகிய இரண்டாண்டுப் பிரிவுகளில் ஒன்றில் சேர்க்கலாம். மின்சார ஸ்கூட்டரில் என்ஜின் ஆயில் மாற்றும் வேலை இல்லாவிட்டாலும் பிரேக், டயர், ஷாக் அப்சார்பர், வயரிங் எல்லாம் இருக்கின்றன.

பதினெட்டு வயதானதும், முத்ரா கடனில் 50,000 ரூபாய் வரையிலான சிசு பிரிவு ஒரு சிறு கடைக்கான கருவிகளுக்குப் போதும். கொஞ்சம் பெரிதாகத் தொடங்க நினைத்தால், வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசின் திட்டத்தில் 25 விழுக்காடு மானியம் உண்டு. திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குமுன் ஓராண்டாவது பிறர் கடையில் சம்பளத்துக்கு இருக்கட்டும். உதிரிபாகம் எங்கே என்ன விலைக்கு வாங்குவது, எந்த வேலைக்கு எவ்வளவு கூலி சொல்வது, கடன் சொல்பவரிடம் எப்படிப் பணம் வாங்குவது என்பதையெல்லாம் அங்கேதான் கற்க முடியும்.